மீட்பா, மீட்சியா?

குடியிலிருந்தும் போதையிலிருந்தும் வெளிவர முயல்பவர்கள் வாரந்தோறும் கூடிப் பேசும் குழுக்களுக்கு ஆங்கிலத்தில் ‘ரெக்கவரி சப்போர்ட் குரூப்’ என்று பெயர். தமிழில் இதைப் ‘போதை மீட்பு ஆதரவுக் குழு’ என்கிறார்கள். துண்டறிக்கையிலும் கட்டுரையிலும் திரும்பத் திரும்ப இதைப் பார்த்துவிட்டேன். போன மாதம் என் பெரியப்பா மகனிடம் அப்படி ஒரு தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு அண்ணன் கேட்டார்: “யாருடா வந்து என்னை மீட்பாங்க? வண்டியில தூக்கிப் போட்டுக் கொண்டுபோய் அடைச்சு வைப்பாங்களா?” தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பயந்ததில் தவறில்லை. அந்தச் சொல் அதைத்தான் சொல்கிறது.

ரெக்கவரி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த லத்தீன் சொல். திரும்பப் பெறுதல் என்பது அடிப்படைப் பொருள். கொடுத்த கடன், தொலைந்த பொருள், கெட்ட உடல்நலம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் போதும். தமிழுக்குப் போதாது.

மீள் என்ற வேர் தமிழில் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒருவர் தானே மீள்கிறார். இது தன்வினை, இதன் பெயர் மீட்சி. ஒருவர் இன்னொருவரையோ இன்னொன்றையோ மீட்கிறார். இதன் பெயர் மீட்பு. வளர்ச்சி, வளர்ப்பு என்ற இணையைப் பாருங்கள். வளர்ச்சி பிள்ளையுடையது, வளர்ப்பு பெற்றவர்களுடையது. பிள்ளை இரண்டு அங்குலம் உயர்ந்ததை வளர்ப்பு என்று யாரும் சொல்வதில்லை. நோயைப் பற்றிப் பேசும்போதும் நம் வாயில் தானாக வருவது ‘காய்ச்சலிலிருந்து மீண்டுவிட்டார்’ என்பதுதான். கிணற்றில் விழுந்தவரைத்தான் மீட்கிறோம், அடகு வைத்த நகையைத்தான் மீட்கிறோம். செய்தித்தாளில் ‘மீட்புக் குழுவினர் விரைந்தனர்’ என்றால் கயிறும் ஏணியும்தான் கண்ணுக்கு வரும்.

இதோடு, இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதும் தொகைச்சொல்லின் சிக்கலும் சேர்கிறது. சிலை மீட்பு என்றால் சிலையை மீட்பது, நில மீட்பு என்றால் நிலத்தை மீட்பது. அப்படியானால் போதை மீட்பு என்பது போதையைத் திரும்பப் பெறுவதா? பேரிடர் மீட்பு என்று சொல்லவில்லையா, அது பேரிடரிலிருந்துதானே என்று கேட்பார்கள். சரி, ஐந்தாம் வேற்றுமையாகவே விரித்துக்கொள்வோம். அப்போதும் மீட்பது யார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

இதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் தரும் பதில் ஒன்று உண்டு: போதைக்கு ‘அடிமை’ என்கிறோமே, அடிமையை மீட்கத்தானே வேண்டும்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆங்கில ‘அடிக்ட்’டின் லத்தீன் மூலமும், கடனைத் திருப்ப முடியாமல் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்ட ஆளைக் குறித்த சொல்தான். ஆனால் ஒரு பொருந்தாச் சொல் இன்னொன்றை இழுத்து வருவதற்குத்தான் இது சான்று. இந்தக் குழுக்களில் பழகியவர்கள் குடிநோய், குடிநோயாளி என்கிறார்கள். நோய் என்று ஒப்புக்கொண்டபின் மீட்சிதான் பொருந்தும்.

குழு எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் எனக்கு ஐயமே இல்லை. 1935 மே மாதம் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வேலையாகப் போயிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் கெட்டது, விடுதியில் தனியாக நின்றவருக்குக் குடிக்க வேண்டும் போலிருந்தது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் இன்று தப்பிப்பேன் என்று அங்கே இங்கே தொலைபேசியில் கேட்டு, பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரைப் போய்ப் பார்த்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10, குடிநோயாளிகள் கூடிப் பேசும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. வில்சன் அந்த வீட்டுக் கதவைத் தட்டியது, தான் குடிக்காமல் இருப்பதற்காக. அந்த அறையில் மீட்பர் என்று யாரும் இல்லை, மீள்பவர்கள் இருவர் இருந்தார்கள்.

‘தங்களைவிட மேலான சக்தி’யை அந்த அமைப்பின் வழிமுறையான பன்னிரண்டு படிகள் பேசுகின்றனவே, அதற்கு மீட்பு பொருந்தாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த நம்பிக்கை உள்ளவருக்குப் பொருந்தலாம். ஆனால் 1994இல் தொடங்கிய ‘ஸ்மார்ட் ரெக்கவரி’ போன்ற, கடவுளைப் பேசாத குழுக்களும் இருக்கின்றன. பொதுச்சொல் இரு சாராருக்கும் இடம் தர வேண்டும்.

அடுத்தது ஆதரவு. ‘ஆதரவற்றோர்’, ‘தலைவரின் ஆதரவாளர்கள்’ என்ற இரண்டு வழக்குகளுக்கு நடுவே அந்தச் சொல் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் தருவார், மற்றவர் பெறுவார் என்ற மேடு பள்ளமும் அதில் உண்டு. இங்கே கட்டணமில்லை, மருத்துவர் இல்லை, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் நேற்று வந்தவரும் இருபது வருடம் குடிக்காதவரும் அடுத்தடுத்து உட்காருகிறார்கள். ‘துணைக்குழு’ எனலாமா என்று நானே யோசித்தேன். அது சப்-கமிட்டி ஆகிவிட்டது. ‘சுய உதவிக் குழு’ என்றால் சேமிப்பும் கடனும்தான் நினைவுக்கு வரும். மறுவாழ்வு மையம் படுக்கையும் சிகிச்சையும் உள்ள இடம், அது வேறு.

அதனால் நான் ‘மீள்வோர் குழு’ என்கிறேன். தலைப்பில் ‘குடியிலிருந்து மீள்வோர் குழு’ என்று முழுதாகவே எழுதலாம், நீளம் ஒரு குறையில்லை. உழுவோர், வாழ்வோர் போல, தொடர்ந்து செய்துகொண்டிருப்பதை மீள்வோர் காட்டுகிறது. மீண்டோர் என்றால் முடிந்துபோன காரியமாகிவிடும். பல ஆண்டுகள் தொடாதவர்கள்கூடத் தங்களை ‘மீண்டுகொண்டிருப்பவர்’ என்றே சொல்லிக்கொள்வதால், இந்த வேறுபாடு அவர்களுக்குப் பெரிது.

மற்ற சொற்களிலும் இதே அவசரம்தான். புதியவருக்குக் கூடவே இருந்து வழிகாட்டும் பழைய உறுப்பினரை ‘ஸ்பான்சர்’ என்பார்கள். அதைப் ‘புரவலர்’ என்று ஒரு தாளில் பெயர்த்திருந்தார்கள், பணம் கொடுப்பவர் போல. ‘வழித்துணை’ என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. அப்புறம் ‘அனானிமஸ்’. அநாமதேயம் என்றதும் மொட்டைக் கடிதம்தான் ஞாபகம் வரும். ‘பெயர் தெரியாதோர்’ என்பதும் பிழை. கூட்டத்தில் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும், பெயர் சொல்லித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். அதை வெளியே கொண்டுபோக மாட்டோம் என்பதுதான் அங்கே உள்ள உறுதி. ‘பெயர் வெளியிடாதோர்’ என்று எழுதியிருந்தால் அண்ணன் அந்தத் தாளை இன்னும் இரண்டு வரி படித்திருப்பார்.