செயலுக்குப் பிந்தைய நலிவு: ‘களைப்பு’ ஏன் போதாது?

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவிட் வந்து போய் எட்டு மாதம் ஆகிறது. குளித்த அன்று ஒன்றும் தெரியவில்லை, புதன்கிழமையையும் சமாளித்துவிடுகிறார். வியாழன் காலை காப்பி டம்ளரைத் தூக்கக் கை வரவில்லை. தொண்டை வலிக்கிறது, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை. “நல்லா தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்கிறார்கள் வீட்டில். தூங்கி எழுகிறார், அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு ஆங்கில மருத்துவத்தில் ‘போஸ்ட் எக்சர்ஷனல் மலைஸ்’ என்று பெயர், சுருக்கமாகப் பி.இ.எம். எம்.இ. என்றும் நாட்பட்ட களைப்பு நோய் என்றும் சொல்லப்படும் நோயின் மையமே இதுதான். கோவிட் போன பிறகும் மாதக்கணக்கில் அறிகுறிகள் நீடிக்கும் ‘நீண்டகாலக் கோவிட்’ உள்ளவர்களில் பலருக்கும் இது உண்டு. ஒரு சின்னச் செயலுக்குப் பிறகு, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, எல்லா அறிகுறிகளும் ஒன்றாக மோசமாகின்றன. எழுந்து உட்கார நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம்.

‘மலைஸ்’ என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘மல்’ என்றால் கெட்ட, ‘ஏஸ்’ என்றால் சுகம், இரண்டும் சேர்ந்து சுகமின்மை. காய்ச்சல் வருவதற்கு முன் நாம் “உடம்பு ஒரு மாதிரி இருக்கு” என்போமே, ஆங்கில மருத்துவர்கள் பொதுவாக இந்தச் சொல்லால் குறிப்பதும் அதைத்தான். டம்ளரைத் தூக்க முடியாத நிலைக்கு இது மிகவும் மெலிந்த சொல். நோயாளிகளுக்கு இதன்மேல் வெகுகாலமாகவே வருத்தம் உண்டு.

நோயின் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1955-ல் லண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பணியாளர்கள் படுத்துவிட்டார்கள். மருத்துவமனையையே சில மாதம் மூட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் அந்த நோய்க்கு வைத்த பெயரில் தசைவலியும் மூளைத் தண்டுவட அழற்சியும் இருந்தன; அதன் சுருக்கம்தான் எம்.இ. யாரும் சாகவில்லை என்பதால் முன்னால் ‘தீங்கற்ற’ என்ற அடைமொழி வேறு. 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய நோயேடுகளைப் படித்துப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே மிகுதி என்பதையும் ஒரு சான்றாக வைத்து, இது கூட்டு மனப்பிரமை என்று எழுதினார்கள். அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. 1988-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘நாட்பட்ட களைப்பு’ என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். அப்போது தசையும் போயிற்று, மூளையும் போயிற்று, களைப்பு மட்டும் மிஞ்சியது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘களைப்பு’ என்ற சொல்லோடு நம் மொழி சேர்த்துச் சொல்வது ‘ஆறுதல்’. களைப்பாறினேன், களைப்பாறிவிட்டுப் போ என்கிறோம். அதாவது உட்கார்ந்தால் தீர்வதுதான் களைப்பு. இந்த நோயில் உட்கார்ந்தும் தீர்வதில்லை. ஆகவே களைப்பு என்று சொன்ன உடனே கேட்பவர் மனதில் மருந்தும் சேர்ந்தே வந்துவிடுகிறது: கொஞ்சம் ஓய்வெடு.

‘சோர்வு’ இன்னும் சிக்கல். ‘சோர்விலாள் பெண்’ என்கிறது 56-ஆம் குறள். அங்கே சோர்வு என்பது கடமையில் தளர்வது, நழுவுவது. அந்தக் குற்றச்சாட்டின் வாடை இன்றும் அந்தச் சொல்லில் இருக்கிறது. அப்புறம், ‘மனச்சோர்வு’ என்பது வேறொரு நோய்க்கு நிலைத்துவிட்ட பெயர். 1970-ல் விழுந்த கறையை நாமே நம் மொழியில் மறுபடி பூச வேண்டுமா?

என் தேர்வு ‘நலிவு’. நலிவடைந்த தொழில், நலிந்த பிரிவினர் என்று நாளிதழ்களில் தினமும் படிக்கிறோம். தன் தவறு இல்லாமல் வலுவிழந்து போவதைச் சொல்லும் சொல் அது. ‘மலைஸ்’ என்பதைவிடவும் கனமானது. ‘உழைப்புக்குப் பின்’ என்று சிலர் எழுதக்கூடும், ஆனால் உழைப்பு என்றால் வயல்வேலையும் மூட்டை தூக்குவதும்தான் நினைவுக்கு வரும். இங்கே பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சும், ஒரு பக்கம் படிப்பதும்கூடப் போதும். ஆகவே ‘செயலுக்குப் பிந்தைய நலிவு’.

சொல்லுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்றால், ஆய்வுகளின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. யாருக்கு இந்த நோய் என்று தீர்மானிக்க 1991-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு வரையறைக்கு ஆறு மாதக் களைப்பே போதும், பி.இ.எம். இருக்க வேண்டியதில்லை. வேறு காரணத்தால் களைத்தவர்களும் அந்த வலையில் விழுவார்கள். 2003-ஆம் ஆண்டு கனடா வரையறையும், 2015-ல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ வகுத்ததும் பி.இ.எம். கட்டாயம் என்கின்றன. இரண்டு ஆய்வுகளின் தலைப்பு ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருக்கும் ஆட்கள் வேறு.

641 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ‘பேஸ்’ ஆய்வு ஆட்களைச் சேர்த்தது அந்த ஆக்ஸ்ஃபோர்டு வரையறைப்படிதான். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினாலும், எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சால் மாற்றும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை தந்தாலும் நோயாளிகள் தேறுகிறார்கள் என்று 2011-ல் அறிவித்தார்கள். அதில் ஒரு எண்ணைக் கிட்டத்தில் பாருங்கள். உடல் இயக்கத்துக்கு 0 முதல் 100 வரை ஓர் அளவுகோல். ஆய்வில் சேர 65 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். குணமானதாகக் கொள்ள 85 வேண்டும் என்பது முதலில் போட்ட திட்டம். 2013-ல் வெளியிட்ட கட்டுரையில் அது 60 ஆகிவிட்டது. 65-ல் நுழைந்தவர் 60-க்கு இறங்கினாலும், அந்த அளவுகோலில் மட்டும் பார்த்தால், தேறியவர். ஆய்வாளர்கள் தங்கள் முடிவில் உறுதியாக நின்றார்கள். தரவை வெளியிடும்படி 2016-ல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2021 அக்டோபரில் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, தான் 2007-ல் பரிந்துரைத்த அந்தப் பயிற்சி முறையைக் கைவிட்டது. நலிவு உள்ளவர்களைத் தனியே பார்க்காத ஆய்வுகளின் மதிப்பை அது குறைத்தே எடைபோட்டது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் அந்தப் பயிற்சியால் தங்கள் நிலை மோசமானது என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை.

இதற்கு நேர்மாறாக, 2024 ஜனவரியில் வந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வு சிறியது. நீண்டகாலக் கோவிட் நோயாளிகள் 25 பேர், நலமானவர்கள் 21 பேர். ஆனால் அந்த 25 பேருக்கும் நலிவு உண்டு என்று பார்த்துத்தான் எடுத்தார்கள். சைக்கிள் மிதிக்க வைத்து, அதற்கு ஒரு வாரம் முன்னும் மறுநாளும் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். நோயாளிகளின் தசையில் மிதித்த பிறகு சேதம் கூடியிருந்தது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை குறைந்திருந்தது. 25 பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் யாரைப் பார்க்கிறோம் என்று தெரிந்து, எப்போது பார்க்க வேண்டுமோ அப்போது பார்த்தார்கள்.

நோயாளிகளிடம் நிரப்பத் தரும் வினாப்படிவத்தைத் தமிழாக்கும்போதும் இதே கவனம் வேண்டும். “வேலை செய்தால் களைப்பாக இருக்கிறதா?” என்று கேட்டால் ஆம் என்று சொல்லாத ஆளே இருக்க மாட்டார். “ஏதாவது சின்ன வேலை செய்தால், ஒன்றிரண்டு நாள் கழித்து அடித்துப் போட்ட மாதிரி விழுந்துவிடுகிறீர்களா? மறுபடி எழுந்து நடமாட எத்தனை நாள் ஆகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்த அந்தப் பெண், நாட்களை எண்ணித் துல்லியமாகச் சொல்வார்.