மூக்குக்கு எதற்கு நெகிழி?

மூக்குத் துளைகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பதைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு, பிளாஸ்டிக் சர்ஜரி என்பதன் தமிழாக ‘நெகிழி அறுவை’ என்று எழுதியிருப்பதை மறுபடியும் படித்தேன். நெகிழி என்றால் பை, வாளி, குடம். அதை மூக்குக்குள் வைத்துவிடுவார்களோ என்று படிப்பவர் பயந்தால் அவர்மேல் தப்பில்லை.

மூலச்சொல் ரைனோபிளாஸ்டி. கிரேக்கத்தில் ‘ரிஸ்’ மூக்கு. ‘பிளாஸைன்’ களிமண்ணைப் பிசைந்து உருவம் கொடுப்பது. ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே 1818இல் தன் நூலுக்கு இந்தப் பெயரை வைத்தபோது முழுச் செயற்கை பிளாஸ்டிக்குகளில் முதலாவதான பேக்கலைட்கூடக் கிடையாது. அது வந்தது 1907இல்.

நெகிழியாவது பார்த்தவுடன் தெரியும் பிழை. பிளாஸ்டிக் சர்ஜரிக்குச் சொல்லும் இன்னொரு சொல்லான ‘ஒட்டறுவை’ அப்படியில்லை, சரியான சொல்போலவே நிற்கிறது. பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதர் சொன்ன முறையில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கில் ஒட்டினார்கள், பிற்காலத்தில் நெற்றித் தோலை. அங்கே அந்தச் சொல் பொருந்தும். துளைகள் ஒத்துப்போகாதவருக்கு? நடுச்சுவரின் முன்நுனி ஒரு பக்கம் சாய்ந்து துளையை மறைத்தால் அதை நேராக்குவார்கள். துளையின் வெளிப்புறமுள்ள மூக்கு மடலின் அடி ஒரு பக்கம் அகன்றிருந்தால் சிறு துண்டை வெட்டிவிட்டுத் தைப்பார்கள். இதில் குறைக்கிறார்கள், எதையும் ஒட்டவில்லை. மடல் உள்வாங்கியிருப்பதுபோன்ற நிலைகளில்தான் நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைப்பார்கள். ஊசிவழி ஃபில்லர் என்னும் நிரப்புப் பொருளைப் போடுவது அறுவையே இல்லை. பெரும்பாலும் நாளடைவில் கரைந்துவிடும், ஆனால் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் பார்வைகூடப் போகலாம். இத்தனையையும் ‘ஒட்டறுவை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், “எங்கிருந்து தோல் எடுப்பீர்கள்?” என்றுதான் நோயாளி முதலில் கேட்பார். தனக்கு எது தேவை என்று கேட்க வேண்டியவரை வேறு திசையில் அனுப்பிவிடுகிறது அந்தச் சொல்.

தமிழில் ‘வனைதல்’ இருக்கிறது. குயவர் பானை வனைகிறார். கிரேக்க வினையும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே ‘மூக்கு வனைவு’ என்பேன். அதற்குள் ‘நடுச்சுவர் நேராக்கம்’, ‘மடல் குறைப்பு’ என்று வேலைக்கேற்ற பெயர்கள். ‘மூக்குச் சீரமைப்பு’ என்றாலும் சரி, புரிகிறது. சாலைக்கும் ஏரிக்கும் அதே சொல் என்பதுதான் என் குறை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் பிளாஸ்டிக்குக்கு முதலில் கண்ணில் படும் பொருளோடு நிறுத்திவிடுகிறார்கள். கூடவே ‘சமச்சீரற்ற நாசித்துவாரங்கள்’ வேறு. மூக்குத் துளை ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எழுதினால் என்ன?