அந்தக் கட்டுரை எந்த ஊர்ப் பாம்பைப் பற்றியது?

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். சருகுக்குள் கிடக்கும் பாம்பு அந்த வெளிச்சத்துக்கு எப்போதும் அகப்படாது. அதனால் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்குப் பாம்புக்கடி புதிதல்ல. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது, கூட வருகிறவர் கையில் இருக்கும் போன். "ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சுன்னு போட்டிருக்கு சார்" என்று பாம்புக்கடி வைத்தியம் பற்றிய ஒரு கட்டுரையைக் காட்டுவார். அதில் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அதற்குள் விஷம் வெகுதூரம் போயிருக்கும்.

அந்தக் கட்டுரைகள் எல்லாமே கட்டுக்கதை என்றால் வேலை சுலபம். பலவற்றில் ஆதாரமாகக் கொடுத்திருக்கும் இணைப்பைத் திறந்தால் உண்மையான ஆய்வறிக்கைதான் வருகிறது. இன்ன மூலிகைச் சாறு பாம்பு விஷத்தை முறித்தது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். இந்த வகை ஆய்வுகள் பலவற்றில் விஷத்தையும் சாற்றையும் முதலிலேயே குழாயில் கலந்து, சிறிது நேரம் ஊறவைத்து, அப்புறம்தான் எலிக்கு ஊசி போடுகிறார்கள். தோட்டத்தில் கடிபட்டவருக்கு விஷம் முதலில் ஏறிவிடுகிறது, சாறு பிறகு வருகிறது, அதுவும் வாய் வழியாக. ஆய்வு செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. 'மனிதரைக் காப்பாற்றும்' என்ற தலைப்பை வைத்தவர்தான் அந்த ஆய்வில் இல்லாததைச் சேர்த்தார். இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு வகை எனக்கு அதிகக் கவலை தருகிறது. நல்ல மருத்துவர்கள் எழுதியது, ஒரு வரிகூடத் தப்பில்லாதது, ஆனால் நமக்கானது இல்லை. கடிபட்ட கை காலை எலாஸ்டிக் பேண்டேஜால் இறுக்கிச் சுற்றச் சொல்லும் ஆஸ்திரேலியப் பக்கங்கள் அப்படிப்பட்டவை. அங்கே ஆபத்தான பாம்புகள் பெரும்பாலும் நம் நாகப்பாம்பின் குடும்பம். இங்கே விரியன்களும் கடிக்கின்றன. விரியன் விஷம் சதையையே அரிக்கும். இறுக்கிக் கட்டி அதை ஓரிடத்தில் நிறுத்தினால் அந்தச் சதை இன்னும் மோசமாகும். எலும்பு முறிந்தால் கட்டை வைத்துக் கட்டுவோமே, அந்த மாதிரி அசையாமல் வைத்துக் கூட்டிவரச் சொல்வதுதான் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்.

நம் நாட்டுக்குள்ளேயும் ஊர் மாறினால் கதை மாறும். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற 4 பாம்புகளின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுவது. நம் மலையோரத் தோட்டங்களில் மூக்கு நுனி தூக்கியிருக்கும் சிறிய குழிவிரியன் ஒன்றும் உண்டு. அது கடித்தால் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பாதிக்கலாம். அதன் விஷத்தை இந்த மருந்து முறிப்பதில்லை. வட இந்தியாவில் ஒருவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பாம்பு வராமல் போவது இயல்பு. குமரி மாவட்டத்துக்காரர் அதைப் படித்து, ஊசி போட்டாகிவிட்டதே என்று பாதியில் வீட்டுக்குக் கிளம்பினால்தான் ஆபத்து.

எண்களைப் பார்த்தும் பலர் குழம்புகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு 46,000 பேர் இறக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை, 58,000 என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. முதலாவது 2005-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு, 2011-இல் வெளியானது. இரண்டாவது 2000 முதல் 2019 வரை இறந்த சுமார் 12 லட்சம் பேரின் ஆண்டுச் சராசரி, 2020-இல் வெளியானது. வீடு வீடாகப் போய், இறந்தவர் எப்படி இறந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எடுத்த கணக்குகள் இவை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்த கணக்கு இவற்றைவிட மிகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் பலர் மருத்துவமனைக்கு வந்து சேரவே இல்லை. எந்த ஆண்டு, யார், எப்படி எண்ணினார்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

'என் சித்தப்பா இதைக் குடித்துத்தான் பிழைத்தார்' என்று கட்டுரைக்குக் கீழே சாட்சி சொல்கிறவர்களும் மனதறிந்து பொய் சொல்வதில்லை. கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அந்தச் சித்தப்பா எதைக் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார். குடித்தும் இறந்துபோனவர் வந்து எழுத முடியாது.

அதே பக்கத்தில் மருந்து விற்கிறார்கள் என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் சரிபார்க்க வேண்டியது பாம்பு கடித்த பிறகு அல்ல. உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கென்றே 2016-இல் பாம்புக்கடி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வேறு எங்கே எதைப் படித்தாலும் அதோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பு வைக்கிறார்கள் என்று இந்த வாரமே கேட்டு, பால்வெட்டுக்குப் போகிறவர் போனில் அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள். கடிபட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டாம், விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்திருக்கிறதா என்பதை, கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடத்தில் நாங்களே பார்த்துவிடுவோம்.