கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டிருக்கலாமே!

நர்சிங் படிக்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள், போன மாதம் வந்தது இந்த வருஷத்தின் நான்காவது போன். பேசிய தங்கைக்கு முப்பத்திரண்டு வயது. கோவையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, உடனே கல்யாணம், அப்புறம் டெக்சாஸ், இரண்டு குழந்தைகள். "அக்கா, நர்சிங் சீட் கிடைச்சிடுச்சு. பதினாறே மாசம்!" என்று உற்சாகமாக ஆரம்பித்தாள். எவ்வளவு என்று கேட்டேன். எண்பத்து நாலாயிரம் டாலர். கடன் பத்திரத்தில் சித்தப்பா மகன் கூடவே கையெழுத்துப் போட்டிருக்கிறான், அவன் சிட்டிசன். முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு கட்டியாகிவிட்டது. "சரி, உனக்கு என்ன விசா?" என்றேன். எச்-4, அதாவது கணவரின் எச்-1பி வேலை விசாவோடு ஒட்டி வரும் விசா. வேலை அனுமதி அட்டை இருக்கிறதா? இல்லை. கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, அப்ரூவ் ஆகிவிட்டதா? அதுவும் இல்லை.

நான் இங்கே பதினைந்து வருஷமாக நர்ஸ். இதய நோயாளிகள் இருக்கும் டெலிமெட்ரி வார்டு. வாரத்தில் ஒரு நாள் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூரில் உள்ள இரண்டு வருஷ அரசுக் கல்லூரி) மாணவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் கிளினிக்கல், அதாவது நேரடி வார்டு பயிற்சி, நடத்துகிறேன். ஆகவே எனக்குக் கொஞ்சம் சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே ஒரு டிகிரி வைத்திருப்பவர் அமெரிக்காவில் ஆர்என், அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆக முக்கியமாக மூன்று வாசல்கள். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி, அதாவது ஏடிஎன். பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்தில் முடியும் இரண்டாவது இளங்கலை, ஏபிஎஸ்என். நேரடியாக முதுகலையில் சேரும் வழி மூன்றாவது. மூன்றிலும் படித்து முடித்தவர்கள் உட்காருவது ஒரே தேர்வுக்கு: என்கிளெக்ஸ்-ஆர்என். தேர்வுக் கட்டணம் எல்லோருக்கும் 200 டாலர். மாநில நர்சிங் போர்டு கொடுப்பதும் ஒரே உரிமம்.

இதைச் சொன்னவுடன் நம்மவர்களிடமிருந்து வரும் பதில் எனக்கு மனப்பாடம். "டிகிரி முடிச்சவ போய் டிப்ளமா படிக்கிறதா? ஊர்ல அம்மா கேட்டா என்ன சொல்றது?" நமக்கு கம்யூனிட்டி காலேஜ் என்றால் மனதில் வருவது பாலிடெக்னிக். பி.இ. முடித்தவன் திரும்பி டிப்ளமாவில் சேர்வதாகக் கற்பனை செய்து கூசிப்போகிறோம். அந்தக் கூச்சத்துக்குத்தான் எழுபதாயிரம் டாலர் கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் மாடியில் இந்த வருஷம் சேர்ந்த இரண்டு புதியவர்களைச் சொல்கிறேன். அவள் ஏபிஎஸ்என், அவன் ஏடிஎன். இருவர் பேட்ஜிலும் பெயருக்குக் கீழே ஆர்என் என்ற இரண்டே எழுத்து. போன வாரம் அவனுடைய நோயாளிக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் டிரிப்பின் வேகத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதை இரண்டு நர்ஸ்கள் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. அவன் பம்பில் எண்ணை அழுத்தினான், அவள் பக்கத்தில் நின்று எடையையும் யூனிட்டையும் வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்த்தாள். பத்து நிமிஷம் கழித்து அடுத்த அறையில் அவளுடைய இன்சுலினுக்கு அவன் சாட்சி. கட்டிலில் இருந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காபி எப்போது வரும்?

சம்பளத்தில் வித்தியாசம் இல்லையா? உண்டு. எங்கள் மருத்துவமனையில் பிஎஸ்என், அதாவது நர்சிங் இளங்கலை, வைத்திருப்பவருக்கு மணிக்கு ஒரு டாலர் கூடுதல். வாரம் 36 மணி நேரம், 52 வாரம், ஆக வருஷத்துக்கு 1,872 டாலர். எழுபதாயிரத்தை இதனால் வகுத்துப் பாருங்கள், முப்பத்தேழு வருஷம் வரும். வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"பிஎஸ்என் இல்லாமல் இனி வேலையே கிடையாது" என்ற வதந்தி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2010-ல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் இளங்கலை பெற்றிருக்க வேண்டும் என்றது. அது பரிந்துரை, சட்டம் ஆகவில்லை. சட்டம் போட்டது நியூயார்க், 2017 டிசம்பரில். அந்தச் சட்டத்தையாவது முழுசாகப் படிக்கிறார்களா என்றால் இல்லை. அசோசியேட் டிகிரியோடு உரிமம் வாங்கலாம், வேலையிலும் சேரலாம். பத்து வருஷத்துக்குள் நர்சிங் இளங்கலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நர்சிங் தரத்துக்காகக் கொடுக்கும் மேக்னட் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை என்றால் ஏடிஎன்னை உள்ளேயே விடமாட்டார்கள் என்பதும் இதே ரகம். மேக்னட் விதி டிகிரி கேட்பது நர்ஸ் மேனேஜர்களிடம். மற்றவர்களுக்கும் அதைக் கேட்பது அந்தந்த மருத்துவமனையின் முடிவு. பெரிய நகரங்களில் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில் உள்ள ஐந்து மருத்துவமனைகளின் புது நர்ஸ் வேலை விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஏபிஎஸ்என்னே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்தில் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். ஒரு வருஷம் முன்னதாக வேலைக்குப் போனால் ஒரு வருஷச் சம்பளம் கைக்கு வரும். 2024 மே மாத அரசுக் கணக்கில் ஆர்என்னின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர், சின்னத் தொகை இல்லை. கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைக்க இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டிய ஊர்களும் உண்டு, கலிபோர்னியாவில் சில கல்லூரிகள் குலுக்கலே போடுகின்றன. அங்கே இந்தக் கணக்கு மாறும். ஆனால் ஏபிஎஸ்என் நடக்கும் மாதங்களில் வேறு வேலை பார்க்க முடியாது. என்னிடம் வந்த ஒரு மாணவி இரவில் கடை வேலை பார்த்துக்கொண்டே முயன்றாள், இரண்டாவது செமஸ்டரில் மருந்தியலில் தவறினாள். ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த குழுவுக்குக் காத்திருக்க வேண்டும், கட்டிய பணம் காத்திருக்காது.

அதே கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் உள்ளூர்வாசிக்கு ஒரு பாட யூனிட்டுக்கு 46 டாலர். நர்சிங்கில் சேருவதற்கு முன் முடிக்க வேண்டிய முன்பாடங்களும் நர்சிங்கும் சேர்த்து எண்பது யூனிட் எடுத்தாலும் 3,680 டாலர்தான். புத்தகம், சீருடை, ஸ்டெதாஸ்கோப் தனி. (ஸ்டெதாஸ்கோப்புக்கு முன்னூறு டாலர் செலவழிக்காதீர்கள். முதல் வருஷத்திலேயே யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.) வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆன்லைனில் ஆர்என்-பிஎஸ்என், அதாவது ஏற்கெனவே ஆர்என் ஆனவர்களுக்கான நர்சிங் இளங்கலை, படிக்கலாம். முதலாளி தரும் கல்வி உதவியில் வருஷத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது, பல மருத்துவமனைகள் அந்த அளவுக்கோ அதை ஒட்டியோ தருகின்றன. நர்சிங் அல்லாத டிகிரியோடு ஏடிஎன் சேர்ந்திருந்தால் பிஎஸ்என்னைத் தாண்டி நேராக முதுகலைக்கு எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. பழைய பி.எஸ்சி. அங்கேதான் உண்மையில் கைகொடுக்கும்.

நேரடி முதுகலை பற்றி ஒரு வார்த்தை. முடித்து வந்தாலும் வார்டில் நீங்கள் புது நர்ஸ்தான், என் பக்கத்தில் நின்று மற்றவர்களைப் போலவே கதீட்டர் போடப் பழக வேண்டும். மேற்படிப்புக்கு முழுச் செலவையும் கடனாகத் தந்துவந்த கிராட் பிளஸ் திட்டத்தையும் 2025 ஜூலையில் வந்த சட்டம் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு மூடுகிறது. மிச்சத்துக்குத் தனியார் கடன்தான்.

உதவித்தொகை விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு இளங்கலை முடித்தவருக்கு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய உதவித்தொகையான பெல் கிரான்ட் கிடையாது. இந்தியாவில் வாங்கிய டிகிரியும் டிகிரிதான். மத்தியக் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தில் "டிகிரி இல்லை" என்று போட்டுவிடலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டார். அது மோசடி ஐயா, கிரீன் கார்டை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம். இங்கேயே பிறந்து, பயாலஜி முடித்து, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் சரியாக வராமல் நர்சிங் பக்கம் வரும் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். இளங்கலை மாணவருக்கான மத்தியக் கடன் வாழ்நாள் உச்சவரம்பு, பெற்றோரைச் சாராதவருக்கு, 57,500 டாலர். முதல் டிகிரிக்கு வாங்கியதும் அதில் கழியும். பெற்றோர்களே, பிள்ளை டாக்டர் ஆகவில்லை என்ற வருத்தத்தை விலையுயர்ந்த பல்கலைக்கழகப் பெயரால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. சிட்டிசன், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு நர்ஸ் கோர் என்ற மத்தியத் திட்டம் உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தால் நர்சிங் கல்விக் கடனில் 60 சதவீதத்தை அடைப்பார்கள். போட்டி அதிகம், கிடைத்தே தீரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

விசாவுக்கு வருகிறேன். எச்-4-ல் படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அதற்கு வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015-லிருந்து அது பெரும்பாலும் கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 அப்ரூவ் ஆனவர்களுக்குத்தான். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் போர்டுகளும் உண்டு. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிப் படித்தால் முடித்தபின் ஒரு வருஷம் வேலை பார்க்கலாம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அதற்கு மேலும் கிடைக்கும் ஸ்டெம் நீட்டிப்பு நர்சிங்குக்குக் கிடையாது, வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி கிடைப்பதும் அபூர்வம். அட்மிஷன் ஆபீசில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். அவர்கள் வேலை சீட்டை நிரப்புவது. ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் அரை மணி நேரத்துக்குப் பணம் கட்டிக் கேளுங்கள், எண்பதாயிரத்துக்கு முன்னால் அது தூசு.

மற்றவை சுருக்கமாக. இந்திய மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்புவதற்கு முன், எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கல்லூரியைக் கேளுங்கள். மூன்று வருஷ பி.எஸ்சி.யை ஓரிடம் முழு இளங்கலை என்று சொல்லும், இன்னோரிடம் இல்லை என்று சொல்லும். அனாட்டமி, மைக்ரோபயாலஜி போன்ற அறிவியல் பாடங்கள் ஐந்து, ஏழு வருஷத்துக்கு மேல் பழசானால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. மைக்ரோபயாலஜி பட்டதாரியே மறுபடி மைக்ரோபயாலஜி படிக்க நேரும், கோபப்பட்டுப் பயனில்லை. மாநில போர்டின் ஒப்புதல், நர்சிங் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் ஏசென் அல்லது சிசிஎன்இ அமைப்பின் அங்கீகாரம், போர்டு வெளியிடும் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதம் மூன்றையும் நீங்களே அந்தந்தத் தளத்தில் பாருங்கள், கல்லூரியின் பளபள காகிதத்தில் அல்ல. கிளினிக்கலே இல்லாமல் வீட்டிலிருந்தே ஆர்என் ஆகலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று பள்ளிகள் 7,600-க்கும் மேல் போலிச் சான்றிதழ் விற்றதாக 25 பேர் மேல் வழக்குப் பாய்ந்தது. வாங்கியவர்கள் பத்துப் பதினைந்தாயிரம் டாலர் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பலர் உரிமத்தையும் இழந்தார்கள்.

படிப்புக்கு முன்னால் ஆறேழு வாரம் நர்ஸ் உதவியாளர் கோர்ஸ் செய்து, வேலை அனுமதி இருந்தால் நாலு மாதம் வார்டில் நின்று பாருங்கள். இரவு மூன்று மணிக்கு ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்துத் துடைத்துவிடும் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கே தெரிந்துவிடும். ஒத்துவராதவர்கள் பாவம், கடன் வாங்கிய பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டெக்சாஸ் தங்கைக்கு வகுப்பு தொடங்க ஐந்து வாரம் இருந்தது, கடன் பணம் இன்னும் கைமாறவில்லை. இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் விலகல் கடிதம் அனுப்பினாள். முன்பணம் திரும்பி வராது என்று கல்லூரி எழுதிவிட்டது. இப்போது செவ்வாய், வியாழன் மாலைகளில் கம்யூனிட்டி காலேஜில் அனாட்டமி, உள்ளூர்க் கட்டணத்தில். ஐ-140 வரும்போது வரட்டும், முன்பாடங்கள் அதற்குள் முடிந்திருக்கும். போன வாரம் மறுபடி போன். மணிக்கட்டு எலும்பு எட்டையும் வரிசை மாறாமல் எப்படி அக்கா ஞாபகம் வைப்பது? அதற்கு நாங்கள் வைத்திருக்கும் வாக்கியத்தை இங்கே எழுத முடியாது. போனில் மட்டும் சொன்னேன்.