படம் வேண்டாம் ஐயா, ரசீது தருகிறோம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைலோ வாங்கிக் கொடுத்து, ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். 2,000 வெள்ளி (ரிங்கிட்).

"எடுத்துக்கோம்மா, நல்ல காரியம் பண்றீங்க" என்றார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள், "உங்ககிட்ட இருக்கிற பொண்ணுங்கள்ல ஒருத்தரைப் பிள்ளைங்களோட கடைக்குக் கூட்டிட்டு வாங்க. மாதிரி காசோலை அடிக்கச் சொல்லியாச்சு. ஒரு படம் எடுத்துப் பேப்பருக்குக் கொடுத்துடலாம்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கோயில், தமிழ்ப்பள்ளி, மரணச் சகாய நிதி என்று எதற்கும் இல்லை என்று சொல்லாத மனிதர். எல்லா இடத்திலும் படம் எடுக்கிறார்கள், இங்கேயும் எடுப்பார்கள் என்று நினைத்துவிட்டார். ஆனால் எங்கள் இடம் வேறு. வீட்டில் அடிபட்டு வெளியே வரும் பெண்களுக்குத் துணையாக நிற்கிற சின்ன அமைப்பு இது. நிதி திரட்டுவதும் நன்கொடையாளர்களோடு தொடர்பில் இருப்பதும் என் வேலை. கொடுக்கிற மனம் உள்ளவர்களிடம் சில விஷயங்களை நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே ஒரு தவறு செய்தேன். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு பெண்ணின் கதையை எழுதினேன். பெயரை மாற்றினேன், படம் போடவில்லை, எந்தத் தோட்டம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று நினைத்தேன். "மூன்றும் பெண் பிள்ளைகள், விடிந்தால் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை, மூத்த பிள்ளைக்கு மூச்சிரைப்பு" என்று எழுதியிருந்தேன். கடிதம் போன மூன்றாம் நாள் அவளுடைய நாத்தனார் அவளுக்குப் போன் பண்ணி, "எங்க குடும்ப மானத்தை வித்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் எங்கள் போனையே எடுக்கவில்லை.

எழுதலாமா என்று அவளைக் கேட்டுத்தான் எழுதினேன். "சரிக்கா" என்றாள். ஆனால் அப்போது அவள் எங்கள் அலுவலகத்தில், நாங்கள் கொடுத்த ஐந்து கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பிள்ளை அந்தப் பையின் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? அவள் சரி என்றதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் சாமி படம் ஆடும். தோட்டங்களை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகும் அதே குடும்பங்கள்தான், அதே கோயில் திருவிழாதான், அதே பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைதான். கோலாலம்பூரில் பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடலாம். இங்கே எத்தனை பிள்ளை, என்ன வேலை, என்ன நோய் என்பதே முகவரி.

இப்போது எங்களிடம் சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பெண்களின் கோப்புகள் இருக்கும் அலமாரிக்கு என்னிடம் சாவி கிடையாது. எந்தப் பெண் வந்தாள், எங்கே இருக்கிறாள் என்பது நிதி திரட்டுகிற எனக்குத் தெரியக் கூடாது. ஒருத்தியின் கதையைச் சொல்வதென்றால், அவள் எங்களிடம் எந்த உதவியும் வாங்காமல் ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்கிற வரியை அடித்துவிடுகிறோம். அப்புறம் இதே வட்டாரத்தில் வளர்ந்த இரண்டு பேரிடம் கொடுத்து, யாரென்று தெரிகிறதா என்று கேட்கிறோம். தெரிகிறது என்று ஒருவர் சொன்னாலும் அந்தக் கதை வெளியே போகாது. இதனால் கடிதம் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கிறது, கண்ணீர் வரவழைப்பதில்லை. பணமும் சில சமயம் குறைகிறது. குறைந்தாலும் சரி என்று முடிவெடுத்துவிட்டோம்.

பிறந்தநாள் சாப்பாடு இன்னொரு சிக்கல். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அநாதை இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ சாப்பாடு போடுவது நம் மக்களின் நல்ல பழக்கம். அதே எண்ணத்தில் எங்களையும் கூப்பிடுவார்கள். "நீங்க தங்கவைக்கிற இடத்துக்கு வந்து, நாங்களே கையால பரிமாறணும்." அந்த இடத்தின் முகவரியை யாருக்கும் சொல்வதில்லை. அடித்தவன் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகவே இருக்கிற இடம் அது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். "எங்களையே நம்ப மாட்டீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார். நம்புகிறேன் அக்கா. ஆனால் உங்கள் காரை ஓட்டிவரும் தம்பி யாருக்கு நண்பன் என்று உங்களுக்கே தெரியாது.

பணம் எங்கே தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிசி எங்களுக்கு நிறையவே வருகிறது. தீபாவளி மாதத்தில் மூட்டை அடுக்க இடம் இருக்காது. பிப்ரவரியில் ஒரு பெண்ணை ஈப்போவுக்கு அழைத்துப்போக கிராப் வாடகைக் காருக்குக் காசு இருக்காது.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று உண்டு. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சமூக நல இலாகா அதிகாரியே அதைக் கொடுக்கலாம், போலீஸ் புகார் முதலில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அது 7 நாள்தான் செல்லும். அடுத்து வரும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்குப் போலீஸ் புகார் வேண்டும், விசாரணை தொடங்கியிருக்க வேண்டும், ஆணை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து வர வேண்டும். அந்த 7 நாளில் என்னென்ன நடக்கும் என்று பாருங்கள். அவள் அடையாள அட்டை வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். போன் கணவன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும், எங்கே போனாலும் அவனுக்குத் தெரியும். சிம் மாற்ற வேண்டும். கைக்குழந்தைக்குப் பால்மாவு, பேம்பர்ஸ் வேண்டும். அம்மா வீட்டுக்குப் போகிறவளுக்கு அங்கே பூட்டை மாற்ற வேண்டும். இதெல்லாம் மாதிரி காசோலையில் எழுதி ஒட்டுகிற செலவு இல்லை, ஆனால் இது இல்லாவிட்டால் அவள் ஏழாவது நாள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்.

கூடவே போக ஒரு ஆள் வேண்டும். தோட்டத்திலேயே காலம் கழித்த பெண்களுக்குக் கடைத்தெரு மலாய் வரும். நேற்று ராத்திரி கழுத்தில் எப்படிக் கை வைத்தான் என்று போலீஸ் நிலையத்தில் சொல்ல அந்த மலாய் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்லத் தெரிந்த ஒருத்தி வேண்டும். அவளுக்கும் வாடகை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். "சம்பளத்துக்கா நாங்க கொடுக்கறது?" என்று கேட்பவர்களிடம் நான் இப்போது தயங்காமல், ஆமாம், சம்பளத்துக்குத்தான் என்கிறேன்.

"இந்த வருஷம் எத்தனை பேரைக் காப்பாத்தினீங்க?" என்றும் கேட்பார்கள். எண்ணிக்கை தருகிறோம். ஆனால் சில வேலைகளுக்கு அந்த வருடக் கணக்கு பொருந்தாது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக இந்நாட்டுப் பெண்கள் அமைப்புகள் கூட்டு நடவடிக்கைக் குழுவாகச் சேர்ந்தது 1985-ல். குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1994-ல். நடப்புக்கு வந்தது 1996-ல். இடையில் 1989-லோ 1990-லோ யாராவது நன்கொடை கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டிருந்தால், அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை என்றுதான் பதில் வந்திருக்கும். இன்று எங்களிடம் வருகிற ஒவ்வொரு பெண்ணும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

நிபந்தனையோடு வருகிற பணம் பற்றி ஒன்று. ஒருமுறை நல்ல பெரிய தொகை ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் ஊரில் மரியாதையான மனிதர். போகும்போது வாசலில் நின்று, "அந்தக் கேஸை நீங்க கொஞ்சம் பேசித் தீர்த்து வைக்கலாமே" என்றார். அவர் தம்பி மகன் கேஸாம். அன்று மாலையே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த மாத வாடகை இழுபறியாகத்தான் போனது. பரவாயில்லை.

இந்த ஊரில் நிதி திரட்டுகிறவளுக்கு ஒரு பலம் இருக்கிறது: சிறுகச் சிறுகக் காசு போட்ட பழைய நினைவு. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்ற காலம். சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பங்கு 100 வெள்ளி. மொத்தமாக முடியாதவர்கள் 10 வெள்ளித் தவணையாகக் கட்டினார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர்கள், புல் வெட்டினவர்கள் காசு போட்டுத் தோட்டம் வாங்கினார்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு மாதம் தவறாமல் ஒரு பாட்டி வருவார். எண்பது தாண்டிவிட்டது. படியேறி வந்து, மூச்சு வாங்கி, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நான்காக மடித்த 10 வெள்ளி நோட்டை விரித்து மேசைமேல் வைத்து உள்ளங்கையால் தடவிவிடுவார். எந்தப் பெண்ணுக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. "ரசீது போடும்மா" என்பது மட்டும்தான். அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள் பாட்டி என்று ஒருநாள் அவசரத்தில் சொல்லிவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "பங்கு கட்டின காலத்து ரசீதே இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு. நீ இதைக் கொடு" என்றார்.

ஜவுளிக்கடைப் பெரியவரிடம் நான் இந்தப் பாட்டியைப் பற்றித்தான் சொன்னேன். படத்துக்கு ஏன் முடியாது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அம்மாவும் அந்தக் காலத்தில் பங்கு கட்டியவராம். கவரை என் பக்கம் தள்ளி, "சரிம்மா, கடை பேருக்கு ரசீது போட்டுடு" என்றார். இப்போது மாதம் 150 வெள்ளி வங்கி வழியாக வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை வரும் 2,000-ஐவிட அந்த 150 எனக்குப் பெரிது. அடுத்த மாதம் கிராப்புக்குக் காசு இருக்குமா என்று இன்றைக்கே எனக்குத் தெரிகிறது.

கொடுக்கும்போது நீங்களும் கேளுங்கள். அமைப்பு சங்கப் பதிவு இலாகாவில் பதிவானதா? வருடக் கணக்கைக் காட்டுவார்களா? வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், உங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கும். பதிவான எல்லா அமைப்புக்கும் இந்த அங்கீகாரம் இருக்காது, அதனால் ரசீதைப் பார்த்துக் கேளுங்கள். பசார் மாலாமில் டின்னை நீட்டுகிறவர்களிடம் போலீஸ் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். தெருவில் வசூலிக்க அனுமதி வேண்டும் என்று 1947-லிருந்தே சட்டம் இருக்கிறது. எங்களிடம் கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீட்டில் பயந்துகொண்டிருந்தால், டாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். காயம் இருந்தால் நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், வீட்டில் அடித்தார்கள் என்று சொல்லுங்கள். குளியலறையில் விழுந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.