கேஷ்: பதுக்ககமா, தேக்ககமா?

பெங்களூர் ஐடி அலுவலகங்களில் நம்மவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொல் 'கேஷ்': ஒருமுறை இறக்கியதை, மறுபடி கேட்டால் உடனே கொடுக்க அருகிலேயே சேமித்துவைக்கும் இடம். ரொக்கத்தையும் அப்படியேதான் எழுதுகிறோம். ஆனால் வேர் வேறு: ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சில் பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; கணினிக் கேஷ், ஒளித்துவைப்பதைக் குறிக்கும் 'காஷே'யிலிருந்து. ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினி பற்றி 1968-இல் வந்த கட்டுரைகளால் இச்சொல் கணினித் துறையில் நிலைத்தது.

வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'பதுக்ககம்' என்று சிலர் எழுதுகிறார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. பதுக்கல் என்றால் அடுத்தவருக்குக் கிடைக்காமல் விலையேற்றுவது. பொதுக் கேஷ் நேரெதிர்: ஒருவர் இறக்கியது அடுத்தவருக்கு உடனே கிடைக்கும். 'தேக்ககம்' சரியான சொல். அபார்ட்மென்ட் சம்ப்பில் லாரித் தண்ணீர் ஒருமுறை இறங்கி எல்லா வீட்டுக்கும் போவதைப் போல. தேங்கினால் பழசாகும் என்ற எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; காலாவதி நேரத்தைத் தவறாக வைத்தால் பழைய பக்கமே வந்துகொண்டிருக்கும்.

நிறைந்துவிட்டால் எதை வெளியேற்றுவது? பொருளாதாரம் நுழையும் இடம் இது. எல்ஆர்யு என்ற முறை, கடைசியாக எப்போது கேட்டார்கள் என்று மட்டும் பார்த்து, நெடுநாள் கேட்காததை வெளியேற்றும். பெய் சாவ், சாண்டி இரானி இருவரும் 1997-இல் முன்வைத்த கிரீடி டூயல் சைஸ் முறை, ஒவ்வொரு கோப்புக்கும் மதிப்புப் போடும்: மறுபடி கொண்டுவரும் செலவை அளவால் வகுக்கும். கேட்ட எண்ணிக்கையாலும் பெருக்கினால் அது ஜிடிஎஸ்எஃப் என்ற முறை. மதிப்புக் குறைந்தது வெளியே போகும். போனதன் மதிப்பு, அடுத்து வருவதற்கு அடிப்படையாகச் சேரும். அதனால் பழைய புகழை வைத்து எதுவும் நிரந்தரமாக உட்கார முடியாது.

செலவை 1 என்று வையுங்கள், அளவைக் கேபியில் எடுங்கள். 20 கேபி படத்தை 4 முறை கேட்டால் மதிப்பு 0.2. 60 எம்பி உபுண்டு மென்பொருள் தொகுப்பை 20 முறை கேட்டாலும் சுமார் 0.0003தான். தொகுப்பு வெளியேறும், இணைய லைன் சுமை குறையாது. வலைத் தேக்ககம் நடத்தும் மென்பொருளான ஸ்குவிட்டில் இதற்கு, அளவைப் பார்க்காமல் அதிகம் கேட்டதை வைத்திருக்கும் ஹீப் எல்எஃப்யுடிஏ முறையே ஏற்றது. கூடவே உச்சக் கோப்பளவை, இயல்பான 4 எம்பியிலிருந்து உயர்த்த வேண்டும். அமைப்புக் கோப்பில் அந்த வரி டிஸ்க் தேக்கக வரிக்கு மேலே இருக்கட்டும். டிஸ்க் வரியே எழுதாவிட்டால் தேக்ககம் ரேமில் மட்டும்தான், இயல்பாக 256 எம்பி. எச்டிடிபிஎஸ் வழி மறையாக்கப்பட்டுப் போவதை இடையிலுள்ள சாதாரண ஸ்குவிட்டால் தேக்க முடியாது.

பல அணிகள் பகிரும்போது, ஒவ்வொரு அணியும் தன் கோப்பே முக்கியம் என்று மிகைத்துச் சொல்லும். தன்னால் மற்றவர் இழக்கும் பயனுக்கு ஈடாகக் கட்டணம் கட்டவைக்கும் ஏலமுறையில் அந்த மிகைப்பால் லாபமில்லை. ஒரே அலுவலகத்துக்குள் அவ்வளவு தேவைப்படாது. பெரிய கோப்பு இறக்கும் அணிக்குத் தனி ஸ்குவிட், தனி டிஸ்க் அளவு போதும்.