படுத்த கோட்டுக்கு ஷாக் கொடுத்தால் எழுந்திருக்குமா?

சித்தி வீட்டில் இரவு எட்டரை மணி சீரியல். நாயகன் ஐசியூவில் கிடக்கிறான். மானிட்டரில் மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு திடீரென்று படுத்துவிட்டது, கூடவே காதைத் துளைக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம், டாக்டர் இஸ்திரிப் பெட்டி போல இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தேய்த்து நெஞ்சில் வைக்க, உடம்பு கட்டிலை விட்டு ஒரு அடி எம்பி விழுந்தது. சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் பல வருடமாக ஐசியூ நர்ஸ். அவள் சிரித்துவிட்டாள். "முதல்ல லீடு கழண்டிருக்கான்னு பார்க்கச் சொல்லும்மா அந்த டாக்டரை!" சித்திக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

அவள் சொன்னது கேலி மட்டும் இல்லை. கோடு திடீரென்று நேராகப் போனால் ஐசியூவில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே வயரையும் பார்ப்பார்கள். நெஞ்சில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் வியர்வையில் கழன்றாலே போதும், கோடு படுத்துவிடும். ஆள் படுக்கையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

சரி, வயரெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நிஜமாகவே இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஷாக் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த மெஷின் இதயத்தை ஓட வைக்கிற மெஷின் அல்ல, ஒரு நொடி நிறுத்துகிற மெஷின். இது புரிய ஒரு தேரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கிற ஒருவர் குரல் கொடுக்கிறார், வடம் பிடித்த அத்தனை பேரும் அந்தக் குரலுக்கு ஒன்றாக இழுக்கிறார்கள், தேர் நகர்கிறது. இதயத்தில் அந்தக் குரல்காரர் வலது மேலறையில் இருக்கிற ஒரு சின்னத் திசு, எஸ்ஏ நோடு என்பார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது மின்துடிப்பு அனுப்புகிறது, கீழறைகளின் தசை முழுவதும் ஒன்றாகச் சுருங்குகிறது, ரத்தம் வெளியே போகிறது.

சில மாரடைப்புகளில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். குரல் யாருக்கும் கேட்கவில்லை, ஆளாளுக்குத் தன் இஷ்டத்துக்கு வடத்தை இழுக்கிறார்கள். தேர் நின்ற இடத்திலேயே நடுங்குகிறதே தவிர ஓர் அங்குலம் நகரவில்லை. இதற்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இப்போது மானிட்டரில் வருவது நேர்கோடு அல்ல, குழந்தை கிறுக்கியது மாதிரி ஒரு கோடு. ஷாக் இந்த இடத்துக்குத்தான். 120 முதல் 200 ஜூல் வரை மின்சாரத்தை ஒரே அடியாகச் செலுத்தினால் தசை நார்கள் பெரும்பாலும் ஒரே கணத்தில் அடங்கிவிடும், அதாவது எல்லோரும் வடத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். அந்த அமைதியில் பழைய குரல் மறுபடி கேட்டால் தேர் கிளம்பிவிடும். 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனை முதன்முதலாக இப்படித்தான் காப்பாற்றினார், நெஞ்சைத் திறந்து இதயத்தின் மேலேயே மின்முனைகளை வைத்து.

நேர்கோடு என்றால்? வடம் பிடிக்க ஆளே இல்லாத தெரு. யாரை வடத்தைப் போடச் சொல்வது? அங்கே செய்ய வேண்டியது நெஞ்சை அழுத்துவது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, விலா எலும்பு முறிந்தாலும் பரவாயில்லை என்று அழுத்த வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அட்ரினலின் ஊசி, இடையில் ரத்தம் போனதா, ஆக்சிஜன் போதவில்லையா, பொட்டாசியம் ஏறிவிட்டதா என்று காரணம் தேடுவது. இதைத் திரையில் காட்டினால் அழகாக இருக்காது. நிஜமாக அழுத்தினால் நடிகர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும், பொய்யாக அழுத்தினால் பூரிக்கு மாவு பிசைகிற மாதிரி இருக்கும். ஷாக் என்றால் சத்தம், துள்ளல், ஒரு மௌனம், அப்புறம் கோடு எழுந்திருக்கும்போது வயலின். எனக்கு எரிச்சல் வந்தாலும் இயக்குநரின் கஷ்டம் புரிகிறது.

ஆனால் இதை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 1996இல் ஒரு மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது, மூன்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் இதயம் நின்றவர்களைக் கணக்கெடுத்திருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பிழைத்தவர்கள் 75 சதவீதம், வீடு திரும்பியதாகத் தோன்றியவர்கள் 67 சதவீதம். நிஜத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புவது அமெரிக்காவிலேயே சுமார் பத்தில் ஒருவர்தான். திரைக் கணக்கை நம்பி ஐசியூ வாசலில் நிற்கிறவர்களிடம் டாக்டர் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

இன்னொரு சங்கதி, அந்த நாயகன் போன வாரம் தனியாளாக இருபது பேரை அடித்துப் போட்டான். அதற்கு என் தங்கை சிரிக்கவில்லை, ரசித்துப் பார்த்தாள். பெரிய பொய்யை விழுங்குகிறவளுக்குச் சின்னப் பொய் ஏன் தொண்டையில் சிக்குகிறது? மெலனி கிரீன், டிமொதி பிராக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வாசகர்களிடம் ஒரு கதையைக் கொடுத்து, பொய்யாகப் படுகிற இடங்களைப் பேனாவால் வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழமாகப் போனவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். சித்தி கதைக்குள் இருந்தார், அவருக்கு மானிட்டர் தெரியவே இல்லை. தங்கை வேலை செய்கிற இடத்தை அப்படியே திரையில் போட்டுவிட்டு, அங்கே தினமும் நடப்பதைத் தப்பாகக் காட்டினால் அவள் எப்படி உள்ளே போவாள்? சண்டை ஒரு விளையாட்டு என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். ஐசியூ நிஜம் என்று பாவனை செய்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் போலீஸ்காரர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் இதே கதைதான் நடக்கிறது.

குளோரோஃபார்ம் கைக்குட்டையும் இந்தக் குடும்பம்தான். பின்னால் வந்து மூக்கில் வைத்தால் மூன்று நொடியில் சாய்ந்துவிடுகிறார்கள். நிஜத்தில் சில நிமிடம் விடாமல் மூச்சிழுக்க வேண்டும், அதற்குள் மாட்டிக்கொண்டவர் கடிப்பார், கத்துவார். தூங்க வைக்கிற அளவுக்கும் கொல்கிற அளவுக்கும் நடுவில் இடைவெளி வேறு குறைவு. 1848இல் இங்கிலாந்தில் கால் நகத்தை எடுக்கப் போன 15 வயதுப் பெண் குளோரோஃபார்ம் கொடுத்ததும் இறந்துபோனாள். முதலில் நிற்பது மூச்சா இதயமா என்று பல வருடம் சண்டை, நிஜாம் செலவில் ஹைதராபாத்தில் இரண்டு கமிஷன்கள் உட்கார்ந்தன. மூச்சுதான் என்றார்கள். 1911இல் குட்மன் லெவி என்பவர் பூனைகளில் சோதித்து, இலேசான மயக்கத்திலேயே இதயம் நின்றுபோகலாம், அதுவும் ஃபிப்ரிலேஷனால் என்று காட்டினார். கைக்குட்டையோடு வருகிற வில்லன் அந்த இஸ்திரிப் பெட்டிகளையும் கையோடு கொண்டுவருவது நல்லது.

தலையில் அடிபட்டுப் பெயர் மறந்து, மறுபடி அடிபட்டு ஞாபகம் வருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மூளை அடியில் பொதுவாகத் தொலைவது விபத்தை ஒட்டிய கொஞ்ச நேரமும், புதிதாக ஒன்றை நினைவில் வைக்கிற திறமையும்தான், இரண்டாவது அடி இன்னும் கெடுக்கும். நாடி பிடித்துக் கர்ப்பம் சொல்கிற டாக்டரை ஏற்கெனவே எல்லோரும் கிண்டல் செய்தாகிவிட்டது. கர்ப்பத்தில் துடிப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் மூன்று மாடி ஏறினாலும் கூடும்.

அன்றைக்கு இதையெல்லாம் தங்கை விளக்கி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. சித்தி ஒலியைக் குறைத்துவிட்டு, கோபம் மாறாமலேயே கேட்டார்: "எல்லாம் சரிடி, இப்ப அவன் பிழைப்பானா மாட்டானா?"

"பிழைச்சிருவான்மா. நாளைக்கு புரோமோல நடந்து வர்றானே, பார்க்கலையா?"